ஒன்பதாவது மாடியில் வந்த அழைப்பு

அழைப்பு வந்தது அவளுக்குத்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். பிறகு அது எத்தனை மாடி ஏறியிருந்தாலும் சரி, புறப்பட்ட இடம் பிரசவ வார்டில் இருக்கும் கை கழுவுகிற தொட்டி.

அவள் அந்த ஆஸ்பத்திரியில் பதினாலு வருஷமாகப் பிரசவ வார்டு நர்ஸ். ஒருநாள் காலை, அடுத்தடுத்து மூன்று பிரசவம் பார்த்துவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜன்னல் விளிம்பில் மிஷன் சங்கத்தின் மாதப் பத்திரிகையை யாரோ படித்துவிட்டு விரித்தபடியே போட்டிருந்தார்கள். கடல் கடந்த ஒரு நாட்டில், மலைமேல் இருக்கும் பணித்தளத்தைப் பற்றி நாலு வரி. பிரசவ நிலையம் கட்டியாயிற்று, கட்டில் போட்டாயிற்று, பிரசவம் பார்க்கத்தான் ஆளில்லை. பெண்கள் இரண்டு நாள் நடந்து வந்து பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். படித்தாள். குழாயை மூடினாள். போகணும் என்று தெரிந்தது.

அவ்வளவுதான். குரல் கேட்கவில்லை, வெளிச்சம் அடிக்கவில்லை, உடம்பு சிலிர்க்கவில்லை. இந்தக் குழந்தை இனி நிற்காது, பிறந்துதான் தீரும் என்று வயிற்றில் கை வைத்ததும் அவளுக்குத் தெரியும். அப்படித் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் ஒரு நாலு மாடி ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் மெக்கானிக். அங்கே அவருக்குப் பேரே கிடையாது. மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை லிஃப்ட்காரர்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுஷர். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பக்கத்துக் கடைக்குப் போய் பல்பு வாங்கி வந்த கதையைக்கூட அரை மணி நேரம் சொல்வார், கேட்கிறவர்களும் எழுந்து போக மாட்டார்கள்.

"உனக்கு நிச்சயமா தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"அப்ப போவோம். அங்க லிஃப்ட் இல்லாட்டி என்ன, எனக்குப் படி ஏறத் தெரியும்."

அந்த ஒரு பதிலுக்காகவே அவரை எத்தனை தரம் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று அன்றைக்கு அவள் நினைத்தாள். பின்னால் நடந்ததையெல்லாம் மன்னிக்க அவளுக்குக் கைமுதலாக இருந்ததும் அதுதான்.

தப்பு நடந்தது விண்ணப்பத்தில். சங்கத்தின் விண்ணப்பத்தில் குடும்பத் தலைவருக்கு ஒரு முழுப் பக்கம். 'தமக்கு ஊழிய அழைப்பு வந்த விதத்தைச் சொந்த வார்த்தைகளில் எழுதவும்.' அதற்குக் கீழே, தாளின் அடியில், மனைவிக்கு ஒரு வரி. 'மனைவியின் சம்மதம்: ஆம் / இல்லை.' மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்க இடமே விடவில்லை. கேட்டால்தானே சொல்ல?

இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பக்கத்துல நீயே எழுது. கீழ நான் கையெழுத்துப் போடறேன்," என்றார் அவர். "ஆண்டவருக்குத் தெரியும் யாருக்கு வந்துச்சுன்னு. நாம ரெண்டு பேரும் வேற வேறயா?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. யார் பேரில் இருந்தால் என்ன, கதவு திறந்தால் போதும். வார்டை எடுத்துவிட்டு, 'வேலையிடத்தில் கை கழுவிக்கொண்டிருந்தேன்' என்று ஆரம்பித்தாள். நாலு வரியில் முடித்தாள். மீதிப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது.

"இவ்வளவுதானா? ஒரு பக்கம் கொடுத்திருக்காங்களே!"

"இவ்வளவுதாங்க நடந்துச்சு."

அவர் கையெழுத்துப் போட்டார். அவள் 'ஆம்' என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டுக்குப் போகிற குடும்பம் முதலில் ஒரு வருஷம் ஞாயிறுதோறும் ஒவ்வொரு சபையாகப் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும். அப்போதுதான் சபைகள் அவர்களைத் தங்கள் ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளும். சாட்சி சொல்வது குடும்பத் தலைவர். மனைவி முன்வரிசையில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். பேர் சொன்னதும் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு உட்கார வேண்டும். அவர்கள் பிள்ளைக்கு ஒன்பது வயது. வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள், காரணத்தோடுதான்.

முதல் ஞாயிறு, அவள் எழுதினபடியே அவர் சொன்னார். கை கழுவினேன், படித்தேன், தெரிந்தது. சபை கொட்டாவி விட்டது. மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்.

இரண்டாவது சபையில் கையில் கிரீஸ் வந்தது. நாலாவது சபையில் கை கழுவுகிற தொட்டி போய், அவர் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வாரம் கரண்ட் போனது. கும்மிருட்டு. இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மனுஷர், மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் தவிக்கிறார். அந்த இருட்டில் ஒரு குரல்! சபை மூச்சு விடவில்லை. பெண்கள் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. லிஃப்ட்காரர் மேடையை விட்டு இறங்கியபோது ஆண்கள் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொல்ல ஆரம்பித்தார். ஐந்தாவது மாடி, அடுத்த மாதம் ஏழாவது மாடி. மழைக்காலம் முடிவதற்குள் லிஃப்ட் ஒன்பதாவது மாடிக்குப் போய்விட்டது.

"அம்மா, அப்பா இன்னிக்கு எத்தனாவது மாடி?" வாலு காதோரம் கிசுகிசுத்தாள்.

"உஷ்."

"அவர் கட்டடத்துல நாலு மாடிதானே?"

"வாயை மூடிட்டு உக்காரு."

ஆராதனை முடிந்ததும் பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "இப்பேர்ப்பட்ட புருஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும், சிஸ்டர். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பின்னாடியே போறீங்களே, எவ்வளவு பெரிய தியாகம்!" அவள் சிரிப்பாள். சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது. வயிறு எரிந்தது என்றும் சொல்ல வேண்டும். கும்பிட்டு உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் எரிந்தது. தன் சாமானை வேறொருத்தர் கடை விரிப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் எரியாது?

ஒருநாள் கேட்டேவிட்டாள். "என்னங்க இது, ஒன்பதாவது மாடியெல்லாம்?"

"சும்மா தெரிஞ்சுதுன்னு சொன்னா யாரு கேப்பா? கேக்கறவங்க மனசுல இறங்கணும்ல," என்றார் அவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த இருட்டுல நின்னதை நினைச்சா இப்பவும் நெஞ்சு அடிச்சுக்குது."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் விளையாடவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பொய் சொல்கிறவரை இழுத்துப் பிடித்து நிறுத்தலாம். நம்பிவிட்டவரை என்ன செய்வது?

என்னவோ செய்யட்டும், போய்ச் சேர்ந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வருஷம் முடிந்தது. சங்க அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. குடும்பத்தோடு வரவும், பணியிடம் அறிவிக்கப்படும்.

செயலாளர் ஐயாவின் அறையில் பீரோவுக்கு மேல் பீரோவாகக் கோப்புகள். சுவரில் உலகப்படம், அதில் சிவப்பு ஊசிகள். ஜன்னலோரமாக இன்னொரு நாற்காலியில், மலைப் பணித்தளத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்த டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். ஆள் கேட்டு வந்தவர்; ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்.

செயலாளர் கடிதத்தை வாசித்தார். மலைப் பணித்தளம் இருக்கிற அதே நாட்டின் தலைநகரில் சங்கத்துக்கு ஏழு மாடி விருந்தினர் விடுதி இருக்கிறது. இரண்டு லிஃப்டும் ஆறு மாதமாக ஓடவில்லை. பிரதர் விடுதிப் பொறுப்பாளர். சிஸ்டர் விருந்தினர் உபசரிப்பு. படுக்கை விரிப்பு, தலையணை உறை, இந்த மாதிரி.

"பிரதர் சாட்சியைக் கேட்டதுமே கமிட்டி முடிவு பண்ணிட்டாங்க," என்று செயலாளர் பூரித்துப்போனார். "லிஃப்ட்ல அழைச்ச ஆண்டவர் லிஃப்ட்டுக்கே அனுப்பறார், பாருங்க!"

"ஸ்தோத்திரம்," என்றார் லிஃப்ட்காரர். ஆனால் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அவளுக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. "மலைக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

"எந்த மலை?"

"பிரசவ நிலையம் இருக்கற மலை."

"தலைநகரத்துலருந்து ரெண்டு நாள் பஸ்," என்று ஜன்னலோரத்திலிருந்து டாக்டரம்மா சொன்னார்.

"அங்க யாரு போறாங்க?"

"ஆளே அமையலம்மா," என்றார் செயலாளர். "விடாம ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கோம்."

"ஜெபம் பண்ண வேண்டாங்க. நான்தான் வந்து உக்காந்திருக்கேனே."

வாலு அம்மாவை வாயைப் பிளந்து பார்த்தாள். சபையில் எழுந்து கும்பிட்டு உட்காருவதைத் தவிர அம்மா எங்கேயும் எதுவும் பேசி அவள் பார்த்ததில்லை.

அவள் சொன்னாள். பதினாலு வருஷம் பிரசவ வார்டு. தொட்டி, பத்திரிகை, நாலு வரி. செயலாளர் குழம்பிப்போய் கோப்பைப் புரட்டினார். "உங்களுக்கு அழைப்பு இருக்கறதா இதுல இல்லையேம்மா. சம்மதம், ஆம். அவ்வளவுதான் இருக்கு."

"மேல இருக்கற பக்கம் நான் எழுதினது. படிச்சுப் பாருங்க. அதுல லிஃப்ட் எங்கயாவது இருக்கா?"

செயலாளர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார். டாக்டரம்மா எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"பிரதர்," என்றார் செயலாளர், குரல் இப்போது வேறாக இருந்தது. "இது விளையாட்டு இல்லை. குடும்பத் தலைவருக்கு அழைப்பு இல்லைன்னா அந்தக் குடும்பத்தை நாங்க அனுப்பறதில்லை. எழுபது வருஷத்து விதி. தெளிவாச் சொல்லுங்க. ஆண்டவர் உங்களை அழைச்சாரா, இல்லையா?"

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். அழைத்தார் என்றால் தலையணை உறை. இல்லை என்றால் இரண்டு பேரும் வீடு திரும்ப வேண்டியதுதான். அவர் என்ன சொன்னாலும் அவளுக்கு மலை கிடையாது. இதையும் அவர் சொல்வார், அழகாகச் சொல்வார், டாக்டரம்மாகூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். மூடினார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார், அதில் ஏதாவது கிரீஸ் மிச்சமிருக்கிறதா என்று தேடுகிறவர்போல.

"எங்க கட்டடத்துல மொத்தமே நாலு மாடிதாங்க," என்றார்.

செயலாளர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஒரு தரம்கூட நான் மாட்டிக்கிட்டதில்லை. ஒழுங்கா வேலை தெரிஞ்சவன். சொல்லிச் சொல்லி… எனக்கே வந்த மாதிரி ஆயிடுச்சு. வந்தது இவளுக்குத்தான்." அதற்குமேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. கல்யாணமான பதிமூன்று வருஷத்தில் அவர் பேச்சு தீர்ந்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

செயலாளர் கோப்பை மூடி நாடாவைக் கட்டப் போனார். டாக்டரம்மா அதன்மேல் கையை வைத்தார்.

"ஐயா, வெத்து விண்ணப்பம் ஒண்ணு இருக்கா?"

"இருக்கு. ஆனா விதி…"

"விதியை நான் கமிட்டியில பேசிக்கறேன். பூட்டின கதவுக்கு முன்னாடி ஆறு வருஷமா நின்னுக்கிட்டிருக்கறது நான்தானே? தாளைக் கொடுங்க."

அவள் அங்கேயே எழுதினாள். அதே நாலு வரி. 'வேலையிடத்தில்' என்று இருந்ததைப் 'பிரசவ வார்டில்' என்று மாற்றினாள். எழுதி முடித்ததும் லிஃப்ட்காரர் கையை நீட்டித் தாளை வாங்கினார். தாளின் அடிக்குப் போனார். 'மனைவியின் சம்மதம்' என்பதில் 'மனைவியின்' என்ற சொல்லை அடித்தார். மேலே 'கணவரின்' என்று எழுதினார். 'ஆம்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, கையெழுத்திட்டு, செயலாளர் பக்கம் நகர்த்தினார்.

கமிட்டி மூன்று மாதம் இழுத்தது. கடைசியில், ஒரு வருஷம் பார்க்கலாம், மலைக்கே போங்கள் என்று கடிதம் வந்தது. 'அன்பான பிரதர்' என்று அவர் பேருக்குத்தான் வந்தது. அவர் பிரிக்காமலே அவளிடம் கொடுத்தார்.

பிரியாவிடை ஆராதனை சொந்தச் சபையில். பாஸ்டர் பழக்கதோஷத்தில் லிஃப்ட்காரரைக் கூப்பிட்டார். விஷயம் தெரியாதவர்கள் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்கள். அவர் மேடை ஏறினார்.

"எனக்கு அழைப்பு வரல. முன்னாடி சொன்னதெல்லாம் நானாக் கட்டின கதை, மன்னிச்சிடுங்க. வந்தது அவங்களுக்கு. நான் கூடப் போறேன்," என்றார். இறங்கி வந்து, முன்வரிசையில் வாலு பக்கத்தில் உட்கார்ந்தார்.

சபைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முணுமுணுப்பு எழுந்தது. அவர் காது நுனி வரை சிவந்து, குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

அவள் எழுந்தாள். வழக்கம்போலக் கும்பிட்டாள். உட்காரவில்லை. நடந்து போய் மேடை ஏறி, மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். மூன்றாம் வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

"ஒருநாள் காலையில," என்று ஆரம்பித்தாள், "கை கழுவிக்கிட்டிருந்தேன்."