மூன்றே முக்கால் மணிப் பட்டியல்

மூன்றே முக்கால் மணிப் பட்டியலில் இரண்டு மணி என்கிற வரியே இல்லை. இர்பானா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு லேப்டாப் திரையை இன்னொரு முறை பார்த்தாள். பன்னிரண்டு மணிக்கு நோயாளி வீராயியின் ரத்த அழுத்தம் நூற்றிருபது, அதற்கப்புறம் அவளுக்கு ஒன்றுமில்லை. நாலேகால் மணிப் பட்டியலைத் திறந்தால், இரண்டு மணிக்கும் நூற்றிருபது என்று ஒரு வரி சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. அதன் கீழே, நான்கு மணிக்கு எழுபது. காரியம் மிஞ்சிய பிறகு நடுவில் யாரோ ஒரு வரியைச் செருகியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. அன்று பகல் டூட்டி நர்ஸ் வஹீதா. இர்பானாவின் கூடப்பிறந்த தங்கை.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவள் இர்பானாதான், பாலக்கரை வீட்டு மாடியில் உட்கார்ந்து. அதில் ஒரு முறை எழுதிய பட்டியலில் யாரும் கை வைக்க முடியாது. வார்டில் யாருக்குப் புது வரி வந்தாலும் அந்த நேரத்துக்கு ஒரு புதுப் பட்டியல் பிறக்கும். மாறாத வரிகளைப் பழையதும் புதியதும் பொதுவாக வைத்துக்கொள்ளும். வார்டில் இருப்பவர்களுக்குக் கடைசிப் பட்டியல் மட்டும்தான் தெரியும், அளந்த நேரப்படி வரிசையாக. எந்த வரி எப்போது வந்து நுழைந்தது என்று பார்க்கப் பழைய பட்டியல்களைத் திறக்க வேண்டும். அதைத் திறக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தி.

வீராயி வையம்பட்டிக்காரி. பித்தப்பையில் கல் எடுத்த இடத்தில் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, இப்போது பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நினைவில்லாமல் கிடக்கிறாள். ‘ரெண்டு மணிக்கே அம்மா நடுங்குச்சு, கூப்பிட்டேன், யாரும் வரல’ என்று மகன் மதுரைவீரன் எழுதிக் கொடுத்திருக்கிறான். பழைய பட்டியல்களோடு முழுப் பதிவையும் இன்று ஐந்து மணிக்குள் அனுப்பச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

வஹீதா செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடியேறி வந்தாள்.

"லாத்தா, அந்தப் பழசத் தூக்கிடு."

"தூக்க முடியாதுடி. அப்படித்தான் கட்டியிருக்கேன்."

"நீ கட்டுனத ஒன்னாலயே பிரிக்க முடியாதாக்கும்? தோள்ல ரெண்டு மலக்கு உக்காந்து நம்ம நன்மை தீமைய எழுதுறது பத்தாதுன்னு, மூணாவதா நீயா?"

இர்பானாவுக்குச் சிரிப்பு வந்தது. முடியாது என்றது பொய். பழைய பட்டியலை மென்பொருளில் ஏதாவது ஒன்று ‘இது வேண்டும்’ என்று பிடித்துக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் அது இருக்கும். அந்தப் பிடியை அவள் விட்டால் போதும். யாருக்கும் வேண்டாத குப்பை என்று கணினியே துடைத்துவிடும். ஒரு எழுத்தைக்கூட மாற்றினதாகாது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"ரெண்டு மணிக்கு எங்கடி இருந்த?"

"பதினோராம் பெட்ல. அந்தப் பெரியவரு படுக்கையிலயே வெளிக்குப் போயிட்டாரு, கழுவி விட்டுக்கிட்டிருந்தேன். பதினெட்டு பெட்டு லாத்தா, நான் ஒருத்தி." செருப்பை இப்போதுதான் கழற்றினாள். "அந்தம்மா மகன் கூப்பிட்டது கேட்டுச்சு."

தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"அதையே எழுது வஹீ. ரெண்டு மணிக்குப் பாக்கல, அப்புறமாத்தான் எழுதுனேன், இன்னதுக்காகன்னு. அதுவும் ஒரு வரியா பட்டியல்ல நிக்கும்."

"எழுதுனா வேல போயிரும். வேலையோட விடுவாங்களா?"

"தெரியலடி."

"நான் எழுதலன்னா? நீ அனுப்பிருவியா?"

இர்பானா புது வரி எழுதும் இடத்தைத் திறந்து, லேப்டாப்பைத் தங்கை பக்கம் திருப்பி வைத்தாள். மணி நாலரை ஆகியிருந்தது.

வஹீதா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஈரமே இல்லாத கைகளைத் துப்பட்டாவில் துடைத்தாள். உள்ளங்கை, புறங்கை, பிறகு ஒவ்வொரு விரலிடுக்காக. சுண்டுவிரல் வரை முடித்துவிட்டு, மறுபடியும் கட்டை விரலிலிருந்து தொடங்கினாள்.