நீலக் காருக்குப் பச்சைப் பெயிண்ட்

மயிலாப்பூரிலும் ராயப்பேட்டையிலும் அந்தக் காலத்தில் எத்தனையோ பெரிய மனிதர்கள் ஃப்ளோரன்ஸ் செய்த பற்களால்தான் சாப்பிட்டார்கள். அது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் ஒரு பல் டாக்டரின் கிளினிக். வாசலில் டாக்டரின் பெயர், பட்டம், அவர் படித்த கல்லூரி எல்லாம் பித்தளைப் பலகையில் மின்னும். பின்கட்டில் ஜன்னலோரமாக ஃப்ளோரன்ஸின் மேஜை. மெழுகில் ஈறின் தடம் எடுத்து, பிளாஸ்டரில் அச்சு ஊற்றி, சிவப்பு ரப்பரை வேகவைத்து, பல் பதித்து, அரத்தால் ராவி மெருகேற்றுவது முழுக்க அவள் வேலை. 1937-இல் வேலைக்குச் சேர்ந்தவள். பதினோரு வருஷமாக, "டாக்டருக்கு என்ன கைராசி! சொந்தப் பல் மாதிரியே இருக்கு" என்று முன்னறையில் யாராவது சொல்வது பின்கட்டு வரைக்கும் கேட்கும். "எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்று டாக்டர் சொல்வதும் கேட்கும்.

அவளுக்கு முப்பத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. சாந்தோமில் தம்பி அல்போன்ஸோடும் அவன் மனைவி ஆனியோடும் இருந்தாள். அல்போன்ஸ் மவுண்ட் ரோட்டில் இங்கிலீஷ் கார்கள் விற்கும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா.

1948 ஜனவரியில் பழைய அரம் ஒன்று வாங்க மூர் மார்க்கெட்டுக்குப் போனபோதுதான் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. மூடியில் ஒரு நீலப் பந்தயக் கார் படம். குதிரை லாடம் போல முகப்பு, படகு போல வால், முன்பக்கத்தைக் குறுக்கே கட்டிப் பிடிக்கும் தோல் பட்டை. புகாட்டி என்று எழுதியிருந்தது. இருபது வருஷத்துக்கு முன்பு பிரான்ஸில் பந்தயங்களை ஜெயித்த கார். டாக்டரின் முன்னறையில் கிடந்த பழைய பத்திரிகையில் அவள் அதைப் பார்த்திருக்கிறாள்.

"இது என்ன பாய்?"

கடைக்காரர் குலாம் ரசூல் பெட்டியைத் தூசி தட்டினார். "வெள்ளக்காரன் ஊட்டு சாமான்மா. கப்பலேறிப் போறப்போ போட்டுட்டுப் பூட்டான். கார் பொம்மை. நாமளே செஞ்சுக்கணும். பாதி கீது, பாதி காணோம். கொழந்தைக்குன்னா எட்த்துக்கினு போ."

"கொழந்தைக்கு இல்ல பாய். எனக்கு."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சணலால் கட்டிக் கொடுத்தார்.

பெட்டியில் இருந்தவை: உடம்புக்கு ஒரு மரக்கட்டை, தகரத் தகடு, ஈயத்தில் வார்த்த ஒரே ஒரு சக்கரம், நான்காக மடித்த வரைபடம். நிஜக் காரில் ஓர் அடி என்றால் இதில் ஓர் அங்குலம் என்று கணக்கு. மற்ற மூன்று சக்கரங்களும், இருக்கையும், ஸ்டியரிங்கும் தொலைந்துபோயிருந்தன.

சக்கரம்தானே? ஒரு வாய்க்கு அச்செடுப்பவளுக்கு ஒரு சக்கரத்துக்கு அச்செடுக்கத் தெரியாதா? மெழுகில் அழுத்தி, பிளாஸ்டர் ஊற்றி, ஈயத்தை உருக்கி மூன்று வார்த்தாள். எட்டு ஆரக்கால்களும் தட்டையாக, முதல் சக்கரத்தின் கூடப்பிறந்தவை போல வந்தன. முகப்பு வலைக்குத் தேநீர் வடிகட்டியின் பித்தளைச் சல்லடை. தோல் பட்டைக்கு அல்போன்ஸின் அறுந்துபோன கைக்கடிகார வார். முன் சக்கரங்களை இணைக்கும் தண்டுக்குள் துளை போட்டு அதன் வழியாக ஸ்பிரிங் தகடு போகவேண்டும் என்று வரைபடம் சொன்னது. வேறு யாராவது என்றால் மேலே ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவள் பல் குடையும் ஊசியால் ஆறு ஞாயிற்றுக்கிழமை அந்தத் துளையைப் போட்டாள். இரண்டு தண்டு உடைந்தது. மூன்றாவது நின்றது. என்ஜின் மூடியில் காற்றுப் போகும் பிளவுகளைத் தகரத்தில் ஒவ்வொன்றாக வெட்டி நிமிர்த்தினாள். இருக்கையைப் பல்செட் ரப்பரில் செய்தாள். கருஞ்சிவப்பு, வேகவைத்து மெருகேற்றியதும் பழைய தோல் போலவே இருந்தது.

பிறகு நீலம். மழை விட்ட மறுநாள் சாந்தோம் கடல் இருக்குமே, அந்த நீலம். ஏழு பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு பல் மெருகேற்றும் பொடி தொட்டுத் தேய்த்தாள்.

செப்டம்பரில் முடிந்தது. சாப்பாட்டு மேஜையில் வைத்தபோது ஆனி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "அண்ணி, இதுல ஏறி உக்காரலாம் போல இருக்கே!"

அல்போன்ஸ் குனிந்து நாலு பக்கமும் பார்த்தான். "அக்கா, எங்க ஷோரூம் ஜன்னல்ல ரெண்டு வாரம் வைக்கட்டுமா? மவுண்ட் ரோடே நின்னு பாக்கும்."

ஃப்ளோரன்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யார் வாய்க்குள்ளும் போய் மறைந்துவிடாத ஒரு வேலையை வாழ்க்கையில் முதல் தடவையாகச் செய்திருந்தாள். ஓர் அட்டையில் தன் கையாலேயே எழுதினாள்: "செய்தவர்: ஃப்ளோரன்ஸ், சாந்தோம்." அல்போன்ஸ் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிளாஸ்டர் மூட்டைக்கு ஆர்டர் சொல்லிவிட்டு வரும்படி டாக்டர் அவளை மவுண்ட் ரோட்டுக்கு அனுப்பினார். வேலை முடிந்ததும் ஷோரூம் பக்கம் நடந்தாள். ஜன்னலுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள்.

உள்ளே ஒரு பச்சைக் கார் இருந்தது.

அதே மாதிரி இன்னொன்று போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் கருஞ்சிவப்பு இருக்கை தெரிந்தது. கடிகார வார் தெரிந்தது. அவள் வெட்டிய பிளவுகளில் கெட்டிப் பச்சைப் பெயிண்ட் வழிந்து, பாதி அடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அச்சடித்த அட்டை: "இங்கிலீஷ் பந்தயக் கார். இங்கிலாந்தின் கைவினைஞர்கள் செய்தது."

"பாத்தியா, வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தான்யா!" என்றார் பக்கத்தில் நின்றவர். "நம்மாளுக்கு இதெல்லாம் எங்க வரும்?"

ஃப்ளோரன்ஸுக்குக் காது இரண்டும் சூடேறியது. வெள்ளைக்காரன் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கார் பிரெஞ்சு. செய்தது சாந்தோமில். இதில் இங்கிலாந்து எங்கிருந்து வந்தது? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மேனேஜர் கருணாகரன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். பின்னால் தன் மேஜையில் அல்போன்ஸ் எழுந்து நின்றான். நின்றானே தவிர, கிட்ட வரவில்லை.

"என் காரை எடுத்துட்டுப் போக வந்தேன்" என்றாள்.

"எந்த வண்டிங்க? சர்வீஸுக்கு விட்டிருந்தீங்களா?"

"ஜன்னல்ல வெச்சிருக்கீங்களே, அது."

அவர் சிரித்தார். "அது லண்டன்லேருந்து வந்ததும்மா."

"மூர் மார்க்கெட்லேருந்து வந்தது. ஒன்பது மாசம் நான் உக்காந்து செஞ்சேன். அதுக்கு யாரு பச்சை அடிச்சது?"

"இங்கிலீஷ் கார்னா பச்சைதான் அழகுன்னு எங்க பெயிண்டரை விட்டு நான்தான் அடிக்கச் சொன்னேன். நீங்க செஞ்சீங்களா? நீங்க என்ன பண்றீங்க?"

"பல்செட் செய்யறேன். அந்த சீட்டைத் தொட்டுப் பாருங்க. பல்செட் ரப்பர். சக்கரத்தைப் பாருங்க. ஒண்ணுதான் பெட்டியில வந்தது, மூணு நான் வார்த்தது. ஒண்ணுல இருந்த கீறல் நாலுலயும் அதே இடத்துல இருக்கும்."

கார் வாங்க வந்திருந்த ஒரு சூட்டுக்காரர் ஜன்னலுக்குள் குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். "ஆமாய்யா, கீறல் இருக்கு" என்றார். பிறகு நிமிர்ந்து, "பல்செட் கார்னா கடிக்குமோ?" என்றார்.

ஷோரூம் முழுவதும் சிரித்தது. கருணாகரன் சிரித்தார், கதவு திறக்கும் பியூன் சிரித்தான். அல்போன்ஸும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். அதை ஃப்ளோரன்ஸ் பார்த்தாள்.

கருணாகரன் திரும்பினார். "என்ன அல்போன்ஸ், உங்க மச்சான் லண்டன்லேருந்து அனுப்பிச்சதுன்னுதானே எனக்குப் பரிசா குடுத்தீங்க?"

சிரிப்பு நின்றது.

"எந்த மச்சான்டா?" என்றாள் ஃப்ளோரன்ஸ். "ஆனிக்குக் கூடப்பிறந்தவங்களே கிடையாதே!"

அவள் ஜன்னல் மேடையில் கையை நீட்டிக் காரை எடுத்தாள். அட்டையை எடுத்துக் கருணாகரனின் கையில் வைத்தாள்.

"அம்மா, பெயிண்டெல்லாம் எங்க கம்பெனிது..."

"வீட்ல சுரண்டி, பொட்டலம் கட்டி அனுப்பி வைக்கறேன்."

டிராமில் காரை மடியில் வைத்துக்கொண்டு போனாள். அன்றைக்குப் பாதி நாள் டாக்டரிடம் லீவு கூடச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அல்போன்ஸ் சாயங்காலம் வந்ததும் வாசலிலேயே நின்றான். "அக்கா, ஒரு நிமிஷம் நான் சொல்றத..."

"அட்டை எங்கடா?"

"எந்த அட்டை?"

"என் பேர் எழுதிக் குடுத்தேனே."

அவன் செருப்பைக் கழற்றக் குனிந்தான். ஆனிதான் கேட்டாள். "பரிசுன்னு வேற குடுத்தீங்களாமே? அண்ணி பொருளை எடுத்து உங்க மேனேஜருக்குக் குடுக்க நீங்க யாரு?"

"ஹெட் கிளார்க் வேலை காலியாவுது. அவர் மனசு வெச்சாதான் ஆகும். எங்க அக்கா பல்செட் செய்யறவங்க, அவங்க செஞ்சதுன்னு எப்படிச் சொல்றது? நீயே பாத்தியேக்கா, எல்லாரும் எப்படிச் சிரிச்சாங்கன்னு."

"நீயும்தான் சிரிச்சே" என்றாள் ஃப்ளோரன்ஸ். "அந்தப் பல்லுதான்டா உன்னைப் படிக்க வெச்சுது. அந்தப் பல்லுதான் உனக்குக் கல்யாணம் பண்ணி வெச்சுது. அதைச் சொல்ல உனக்கு வெக்கம். திருட வெக்கமில்லையா?"

"திருட்டுன்னு சொல்லாதக்கா."

"வேற பேர் இருந்தா நீயே சொல்லு."

அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. ஒரே மேஜையில் சாப்பிடவும் இல்லை. கிளினிக்கிலிருந்து வந்ததும் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பச்சையைச் சுரண்டினாள். பச்சை தனியாக வரவில்லை. அடியில் இருந்த ஏழு பூச்சு நீலத்தையும் தின்றிருந்தது. மரம் தெரியும் வரை எல்லாவற்றையும் எடுக்கவேண்டி வந்தது. பிளவுகளில் போய் இறுகியதை ஒவ்வொன்றாக ஊசியால் குத்தி எடுத்தாள். ஒவ்வொரு குத்துக்கும் அந்த ஷோரூம் சிரிப்பு ஞாபகம் வந்தது.

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பியபோது, வாசலில் ஒரு பெரிய கார் நின்றது. கருணாகரன் இறங்கினார். கையில் ஒரு பழக்கூடை.

"அம்மா, அன்னிக்கு நடந்ததை மனசுல வெச்சுக்காதீங்க" என்று உட்கார்ந்தார். "ஒரு ஜமீன்தார் அந்தக் காரைப் பாத்துட்டுப் போனாரு. மறுபடியும் கேட்டு ஆள் அனுப்பிச்சாரு. நீங்க குடுத்தீங்கன்னா முறையா, மரியாதையா வைக்கறோம். அட்டையைக் கூட மாத்திட்டேன், பாருங்க."

புது அட்டையில், "சென்னைப் பெண்மணி ஒருவரின் கைவேலை" என்று இருந்தது.

ஃப்ளோரன்ஸ் அதைத் திருப்பிக் கூடப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று. "பேர் எங்க சார்?"

"பேர் போட்டா யாரு, என்னன்னு விசாரிப்பாங்க. பல்செட்டு அது இதுன்னு பேச்சு வரும். கம்பெனி கௌரவம்னு ஒண்ணு இருக்கில்லையா?"

"எனக்கு ஞானஸ்நானத்துல ஒரு பேர் வெச்சிருக்காங்க சார். அதுக்கும் கௌரவம் இருக்கு."

அப்போது அல்போன்ஸ் பேசினான். "சார், எனக்கு லண்டன்ல மச்சான் கிடையாது. நான் சொன்னது பொய். இது எங்க அக்கா தன் கையால செஞ்சது. நான்தான் எடுத்துட்டு வந்து உங்களுக்குக் குடுத்தேன். அவங்க பேர் போடறதா இருந்தா எடுத்துட்டுப் போங்க. இல்லன்னா வேணாம்."

ஃப்ளோரன்ஸ் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். மூன்று வாரத்தில் அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

"பேர் போட்டாலும் குடுக்க மாட்டேன். எடுத்துட்டுப் போங்கன்னு சொல்ல நீ யாரு? இப்பவும் உன் பொருளா அது?"

கருணாகரன் எழுந்தார். பழக்கூடையை வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். ஆனி அதைக் கார் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஹெட் கிளார்க் வேலை வேறொருவருக்குப் போனது. அல்போன்ஸை உதிரிப் பாகங்கள் வைக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். சாயங்காலம் சட்டையெல்லாம் கிரீஸோடு வருவான். ஃப்ளோரன்ஸுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லவில்லை. மறுபடி ஒரே மேஜையில் சாப்பிட ஆரம்பித்தாள், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்குள் கார் மறுபடியும் நீலமானது. இந்தத் தடவை ஒன்பது பூச்சு. முன்னறை அலமாரியில் வைத்தாள். பண்டிகைக்கு வந்த ஒவ்வொருவரும் அதன் முன்னால் நின்று, "எங்கே வாங்கினது?" என்று கேட்டார்கள். அல்போன்ஸ் ஒவ்வொருவருக்கும் உட்காரவைத்துச் சொன்னான்: அக்கா செய்தது, எப்படிச் செய்தாள், தான் என்ன பொய் சொன்னான், எதையும் விடாமல். பங்குச் சாமியாரிடம் சொன்னான், எதிர்வீட்டு வாத்தியாரிடம் சொன்னான், பால்காரரிடம் கூடச் சொன்னான்.

பலகாரத் தட்டோடு முன்னறைக்கு வந்தபோதெல்லாம் ஃப்ளோரன்ஸின் காதில் அது விழுந்தது. அவனை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும், இதே வாய் அக்டோபரில் எங்கே போயிருந்தது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.