படம் வர ஒரு வாரம்

தீக்காயப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாகப் படம் எடுப்பவளுக்கு வார்டு முழுக்கப் படக்காரக்கா என்றுதான் பெயர். அறுவைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். அதை வைத்துத்தான் எங்கிருந்து தோல் எடுத்து எங்கே வைப்பது என்று டாக்டர்கள் முடிவு செய்வார்கள். அவளுடைய பிலிம் கேமரா இரண்டு முறை தரையில் விழுந்து, ஒரு முறை மருந்துத் தட்டில் குளித்து, அப்படியும் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. அவளும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

இப்போது பெரிய டாக்டர் ஒரு டிஜிட்டல் கேமராவை ஒரு வாரப் பரீட்சைக்கு வரவழைத்திருந்தார். விலையைக் கேட்டால் தலை சுற்றும். இரண்டிலும் எடுத்துப் பார்த்துவிட்டு, எது வேண்டுமென்று சனிக்கிழமைக்குள் எழுதிக் கொடு, நீ சொல்வதுதான் முடிவு என்று சொல்லிவிட்டார். அவள் திங்கட்கிழமையே பழையதுதான் என்று முடிவு கட்டிவிட்டாள். கேட்டவர்களிடம் பிலிமில் தோலின் நிறம் பிசகாது என்றாள். அதில் பொய் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது.

முகம் வெந்தவர்கள் படம் எடுத்து முடித்ததும் கேட்பது ஒன்றுதான்: எப்படி இருக்கு, காட்டுங்க. வார்டில் கண்ணாடி கிடையாது. எப்போதோ ஒருத்தர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வைத்தியமே வேண்டாமென்று எழுந்து போனதிலிருந்து பெரிய டாக்டர் போட்ட சட்டம் அது. படக்காரக்காவும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். பிலிம் கழுவிப் படம் வர ஒரு வாரம் ஆகும் என்பாள். அதற்குள் அறுவை முடிந்து முகம் கட்டுக்குள் போய்விடும், கேள்வியும் கூடவே போய்விடும். கழுவும் அறை மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது, இரண்டு மணி நேர வேலை என்பது கட்டிலில் கிடப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? இந்தச் செவ்வாய்க்கிழமைகூடப் பாய்லர் வெடித்து வந்த பெரியவரிடம் அதையேதான் சொல்லியிருந்தாள். திரையில் உடனே முகத்தைக் காட்டிக்கொடுக்கும் கேமரா வந்தால் அந்தப் பதிலுக்கு வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை பகலில் பேக்கரிக்காரியின் முறை வந்தது. அடுப்புக் கதவைத் திறந்தபோது தீ முகத்திலும் கையிலும் அடித்திருந்தது. மறுநாள் காலை அறுவை. அவளோ ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடவில்லை. தள்ளிப்போட்டால் இமை சுருங்கிக் கண்ணை மூடவே முடியாமல் போகும் என்று பெரிய டாக்டர் எச்சரித்தாயிற்று, வீட்டுக்காரர் அழுதும் பார்த்தாயிற்று. என் முகத்தை நான் பார்க்காமல் முடியாது என்று பிடித்த பிடியில் நின்றாள்.

வராந்தாவிலேயே வீட்டுக்காரர் படக்காரக்காவை மறித்துக்கொண்டார். "எதையும் காட்டிராதீங்கக்கா, அவ தாங்கமாட்டா," என்றார். தாங்காதவர் யார் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. படக்காரக்கா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

முதலில் பழையதில் எடுத்தாள், பிறகு புதியதில். வாரம் முழுக்கத் திரை எரியாமல் கவனமாக இருந்தவளுக்கு அன்று கை தப்பிவிட்டது. படம் விழுந்ததும் பழக்கத்தில் கட்டைவிரல் பிலிம் சுற்றும் பிடியைத் தேடிப் போயிற்று. புதியதில் அந்த இடத்தில் வேறொரு பட்டன் இருந்தது. திரை பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சம் அவள் மூக்குக்கண்ணாடியில் விழுந்ததைப் பேக்கரிக்காரி பார்த்துவிட்டாள்.

"அதுல நான் தெரியறேன், இல்ல?"

ஒரு வாரம் ஆகும் என்று சொல்ல வாயெடுத்தவள், இன்னும் எரிந்துகொண்டிருந்த திரையைக் கையால் மறைத்தாள்.

"மாவைப் பார்க்காம நான் ஒரு நாளும் அடுப்புல வச்சதில்லக்கா. எதைச் சரிபண்ணப் போறாங்கன்னு பார்க்காம எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? எல்லாரும் பார்த்தாச்சு. நான் மட்டும்தான் பாக்கி."

கண்ணாடி கூடாது என்பதுதான் சட்டம், கேமராவைப் பற்றி அதில் ஒன்றுமில்லை என்று படக்காரக்கா தனக்குத்தானே சால்ஜாப்பு சொல்லிக்கொண்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேமராவைத் திருப்பிப் பிடித்தாள்.

பேக்கரிக்காரி அழுதாள், ஆனால் பார்வையை எடுக்கவில்லை. இடது கண்ணைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னாள், அப்புறம் உதட்டோரத்தை. கடைசியில், "இவ்வளவுதானா?" என்றாள். "கண்ணை மூடினா நான் பார்த்துட்டிருந்த முகம் இதைவிட மோசம். அதுல மூக்கே இல்லக்கா."

தாளைக் கேட்டு வாங்கி, கட்டுக்கு வெளியே நின்ற மூன்று விரலால் கையெழுத்துப் போட்டாள்.

படக்காரக்காவுக்கு அங்கே நிற்க வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை பேர் மூக்கில்லாத முகத்தோடு அறுவை மேசைக்குப் போனார்களோ. அவர்களுக்கு வலிக்கக் கூடாது என்று செய்ததாகத்தான் இதுவரை நினைத்திருந்தாள். அவர்கள் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கத் தனக்குத் தைரியம் இல்லாததால் சொன்ன பொய் அது.

நேரே பெரிய டாக்டர் அறைக்குப் போய்ப் புதியது என்று எழுதிக் கொடுத்தாள். தோல் நிறம் என்ன ஆயிற்று என்று அவர் சீண்டினார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் அந்தக் கண்ணாடிச் சட்டத்தை மாற்றுங்கள் என்றாள். அவர் முகம் சுருங்கியது. மாற்றும்வரை தினம் வந்து கேட்பேன் என்றும் சொல்லிவிட்டு வார்டுக்குத் திரும்பினாள்.

பாய்லர்க்காரர் விழித்திருந்தார். அவர் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு வாரம் ஆகும்னு சொன்னேன்ல, அது பொய்ண்ணே. படம் இருக்கு. பார்க்கணுமா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க."

பெரியவர் தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார்.