படங்கள் இல்லாத ஃபைல்

சேரன் இதழைச் சிடியில் ஏற்றிக்கொண்டிருந்ததைப் பிரிசில்லா பின்னால் நின்று பார்த்தாள். பக்கங்களை அமைத்த பேஜ்மேக்கர் ஃபைலை மட்டும்தான் எடுத்தான். புகைப்படங்கள் வேறு ஃபோல்டரில் இருந்தன. அதையும் சேர்த்து எடுக்காவிட்டால் திரையில் படம் தெரியும், அச்சில் கட்டம் கட்டமாகச் சிதறிவிடும். சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

கடலூர் செம்மண்டலத்தில் அந்த டி.டி.பி. கடையை 2004இல் இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். வெளியே சுற்றி ஆர்டர் பிடிப்பது அவன், பக்கம் அமைப்பது அவள். சிதம்பரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கம் ஒன்றின் செய்திமடலுக்கு அவள் போட்ட டெம்ப்ளேட்டைப் பார்த்துத்தான் மற்ற சங்கங்கள் தேடி வந்தன. இப்போது சேரன் அந்த ஆசிரியர் சங்கத்தின் ஆர்டரோடு அண்ணாமலை நகரில் தனிக்கடை போடுகிறான். சங்கத்தின் வெள்ளிவிழா இதழை அவள் முடித்து வைத்திருந்தாள். சிடியில் ஏற்றுவதற்கு முன், கடைசிப் பக்கத்தில் 'வடிவமைப்பு' என்ற இடத்தில் இருந்த அவள் பெயரை, அவள் கண்ணெதிரிலேயே அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்தான்.

"டெம்ப்ளேட் நான் செஞ்சது சேரா."

"டைப் அடிக்கிறவங்க பேரெல்லாம் போட்டா பக்கம் பத்தாது பிரிசி."

அவன் சிடியைப் பையில் போட்டுக்கொண்டு போனான். அவள் கோபம் அடங்கட்டும் என்று இருக்கவில்லை. அது ஊறட்டும் என்று இருந்தாள்.

மறுவாரம் சிதம்பரத்து அச்சகத்திலிருந்து சேரன் போன் செய்தான்.

"பிரிசி, ஃபோட்டோ எல்லாம் கட்டம் கட்டமா வருது. இறந்துபோன ராமாமிர்தம் சார் மூஞ்சியே தெரியல. நாளைக்கு விழா."

"படம் எங்கன்னு கம்ப்யூட்டர் கேட்டிருக்குமே?"

"ஏதோ கேட்டுது. இக்னோர்னு இருந்தத அமுக்கிட்டேன்."

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவன் "பிரிசி, பிரிசி" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பது காதுக்கு இதமாக இருந்தது. கடைசியில் சங்கச் செயலாளர் தட்சிணாமூர்த்தி போனை வாங்கினார்.

"யாரும்மா நீ?"

"இதழோட பக்கமெல்லாம் பண்ணவ சார். படத்த நானே எடுத்துட்டு வர்றேன். ஒண்ணு மட்டும். நான் வேலைய முடிக்கிற வரைக்கும் சேரன் என் பக்கத்துல நிக்கணும்."

கடலூரில் பஸ் ஏறிப் போனாள். அச்சகத்தில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். சேரன் அருகில் வந்து நின்றான்.

"எல்லாப் பக்கத்துலயும் வர்ற தலைப்ப எங்க மாத்தறதுன்னு சாருக்குக் காட்டேன் சேரா."

அவன் விரல் திரையை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது.

"என்னப்பா இது, ஆரம்பத்துலேருந்து எல்லாம் நான்தான்னு சொன்ன?" என்றார் தட்சிணாமூர்த்தி. அச்சகக்காரர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். செயலாளரும் அவரும் டீ குடிக்க வெளியே போனார்கள்.

பிரிசில்லா படங்களை ஒவ்வொன்றாக இணைத்தாள். ராமாமிர்தத்தின் முகம் திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் சேரன் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டாள். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். சேமித்தாள். வேலை முடிந்துவிட்டது.

அவள் எழுந்திருக்கவில்லை. மவுஸின் மேல் கையை வைத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிருச்சா பிரிசி?"

அவள் மவுஸை லேசாக நகர்த்தினாள். வேலை முடிந்ததா என்று திரையைப் பார்த்து அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். வாசலில் டீ குடித்துவிட்டு வந்தவர்களின் செருப்புச் சத்தம் கேட்டது.

"இன்னும் இல்ல. நில்லு."