புது ஃபில்டரின் வாடை

அண்ணன் சஜு மஸ்கட் போகுமுன் மீன்தொட்டிக்கென்று நெய்யாற்றின்கரையில் வாங்கிவைத்த கேனிஸ்டர் ஃபில்டரை நானே பொருத்தினேன். ஆறடித் தொட்டியில் பாதித் தண்ணீரை இறக்கி, குழாய்களை மாட்டி, மோட்டார் போட்டுக் கிணற்று நீரை நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டேன். ஏதோ வாடை வந்தது. புதுப் பொருளின் வாடை என்று நினைத்தேன்.

சற்று நேரத்தில் அண்ணனின் அரோவானா மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது. செவுள்கள் படபடவென்று அடித்தன. குழாய்களை மாற்றி மாட்டிவிட்டேனோ? இல்லை, சரியாகத்தான் இருந்தன.

"அம்மா, மீன் சாவப்போவுது."

அம்மா எட்டிப்பார்த்தாள். "காலத்த ஹெல்த் சென்டர் ஆஷா வர்க்கர் பிரசீதா கெணத்துல பிளீச்சிங் பவுடர் போட்டாளே. இண்ணு கெணத்து வெள்ளம் எடுக்காதேண்ணு உன்னட்ட விளிச்சுச் சொன்னாளாம். கேக்கலியா?"

காலையில் ஆள் வந்த சத்தம் கேட்டதுமே நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டுவிட்டேன்.

அம்மாவின் வைட்டமின் சி மாத்திரைகளை அவசரமாக நுணுக்கினேன்.

"மீனுக்கு என்ன மக்கா, ஜலதோஷமா?"

"இது குளோரினை முறிக்கும்மா."

கரைத்து ஊற்றிவிட்டுச் செவுளின் அடிப்பை எண்ணினேன். நிமிடத்துக்கு நூற்றிருபது. பிறகு நூற்றுப்பத்து. எண்பதுக்கு இறங்கிய பிறகும் எண்ணுவதை நிறுத்தப் பயமாக இருந்தது.