முன் இருக்கையில் இருந்தவன் எழுதிக்கொடுத்தது

1

இந்தக் கதை உதித்தது கலைத்தாகத்தில் அல்ல, அக்காவின் நச்சரிப்பில். "வாயால சொன்னா மழுப்புவ. எழுதிக் குடு," என்றாள். இருபது வருடமாக எழுதுகிறேன். குடும்பத்தில் ஒருவர் என்னிடம் எழுத்துக் கேட்பது இதுவே முதல் தடவை. அந்த மிதப்பில் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

நானும் அத்தானும் (அக்காவின் கணவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்) இருவர் உட்காரும் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகில் ஒரு சின்னத் தீவுக்குப் போய், ஓர் இரவு டென்ட் அடித்துத் தங்கி, மறுநாள் திரும்பினோம். அக்காவுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: போகும்போது, நடுக்கடலில், அத்தான் துடுப்புப் போடுவதை நிறுத்தினாரா?

போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. வியாழக்கிழமை வேலையிடத்தில் மருத்துவப் பரிசோதனை. நிறுத்தினார் என்று நான் எழுதினால் அக்கா டாக்டரிடம் சொல்லிவிடுவாள், கிரேன் போய்விடும். இல்லை என்று எழுதினால், நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் அவர் மறுபடி தனியாக.

2

முதல் தொடக்கம்: "எல்லையற்ற நீலத்தின் மடியில் இரு மனிதர்கள், மானுடத்தின் ஆதித் தேடலை"

(வேண்டாம். அதில் ஒரு மனிதர், லைஃப் ஜாக்கெட் கொக்கி தொப்பைமேல் மாட்டாததால் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். நான்தான்.)

இரண்டாம் தொடக்கம்: "அத்தானின் முகம் சட்டென்று வெளிறியது."

அடித்துவிட்டேன். அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. சுக்கானைத் திருப்பும் பெடல் பின் இருக்கையில் இருக்கிறது. அங்கே அனுபவசாலி உட்காரவேண்டும். அனுபவசாலி யார் என்பதை அத்தானே முடிவு செய்தார். அவருக்கு என் முதுகு தெரிந்தது. எனக்குத் தண்ணீர் தெரிந்தது.*

* 'எல்லாம் அறிந்த கதைசொல்லி' பற்றி மேடைகளில் முக்கால் மணி நேரம் முழங்கியிருக்கிறேன். அவன் சற்றுத் திரும்பிப் பார்த்தால் படகு கவிழும் என்பது அப்போது தெரியாது.

3

பாதி வழியில் கயாக் கனத்தது. பத்து நிமிடம். (ஐந்தா? பயத்தில் நிமிடங்கள் வீங்கும்.)

"அத்தான், துடுப்புப் போடுறீங்களா, வேடிக்கை பாக்குறீங்களா?"

"நீரோட்டம் மாப்ளே. வாய மூடிட்டுப் போடு."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இருந்ததா? வழக்கமாக என் தொப்பையையும் இழுத்து ரெண்டு வார்த்தை கூடுதலாகத் திட்டுவார். அன்று திட்டவில்லை. இது அப்போதே உறைத்ததா, எழுதும்போது உறைக்கிறதா, அல்லது கதைக்கு வசதியாக இருப்பதால் நானே

4

தீவு ஒரு பள்ளி மைதானம் அளவுதான். கயாக்கை அத்தான் ஒற்றை ஆளாக மேட்டுக்கு இழுத்தார். நெஞ்சுவலிக்காரர் இழுப்பாரா? பிறகு பாறையில் உட்கார்ந்து, தலை குனிந்து, வெகுநேரம் ஷூ லேஸ் கட்டினார்.

இந்த வரியைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அக்கா இடைமறித்தாள். "அவர் போட்டுட்டு வந்தது ரப்பர் செருப்புடா. அதுல ஏது லேஸு?"

அப்படியென்றால் குனிந்து என்ன செய்தார்? மணலைத் தட்டியிருக்கலாம். லேஸ் எங்கிருந்து வந்தது? என் கற்பனையிலிருந்து. அப்படியானால், குனிந்தது மட்டும் நிஜமா?

ஆனால் காலையில் டென்ட் கம்பி மடங்காததற்கு அதைச் செய்தவனின் மூன்று தலைமுறையைத் திட்டினார். மிக ஆரோக்கியமான திட்டு. திரும்பும்போது அவரே முன்னால் உட்கார்ந்தார். "இப்ப நல்லாப் பாத்துக்க," என்றார். கரை வரை அந்தத் தோள்கள் ஒரு கணமும் ஓயவில்லை. எனக்கு நிம்மதி. பிறகுதான் கேட்டுக்கொண்டேன்: அது என்ன, 'இப்ப'?

5

அத்தானையே போனில் கூப்பிட்டேன்.

"கதைதானே? நான் நிறுத்தாம துடுப்புப் போட்டேன்னு எழுது."

"போட்டீங்களா அத்தான்?"

"எழுதுன்னு சொன்னேன்."

வைத்துவிட்டார்.

6

முடிவு அ: நிறுத்தினார். முடிவு ஆ: நீரோட்டம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். வெட்கக்கேடு என்னவென்றால், இரண்டுமே நன்றாக வந்திருக்கின்றன. நடந்ததைப் பார்க்காதவன் எழுதியது என்று யாரும் கண்டுபிடிக்கமுடியாது. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

அக்கா, இதைப் படிக்கப்போகும் ஆட்களில் எனக்கு முக்கியம் நீ ஒருத்திதான். கயாக் கனத்தது. அதற்கு மட்டும் கையெழுத்துப் போடுகிறேன். மிச்சத்தை, இன்று புதன்கிழமை, அவர் சாப்பிட உட்காரும்போது எதிரே உட்கார்ந்து நீயே கேள். வார்த்தையை விடு, முகத்தைப் பார்.

பதிலை மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே. எழுதிவிடுவேன்.