பஞ்சு பிடிக்கும் நேரம்

உலையின் வாயை அடைத்து நின்றது சுவர். அந்தப் பக்கம் நெருப்பு, இந்தப் பக்கம் நான். வைக்கோலை அழுத்திச் செய்த புதுவகைப் பலகைச் சுவர் அது. ஒரு மணி நேரம் தாங்கினால் சான்றிதழ் கிடைக்கும். இடையில் எங்காவது விரிசல் விட்டால், நீளக் கம்பியில் பொருத்திய பஞ்சை அதன் எதிரே அரை நிமிடம் நான் பிடிக்க வேண்டும். பஞ்சு பற்றினால் சுவர் தோற்றது. இந்தத் தீச்சோதனைக் கூடத்தில் வேலைக்கு வந்த வாரத்திலேயே என் பெயர் பஞ்சு என்றாகிவிட்டது.

பலகையைச் செய்தவரும் அவர் மனைவியும் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். போன முறை சுவர் தோற்றபோது அவர் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார். அறிக்கையில் கையெழுத்துப் போட்டது மனைவிதான். இந்த முறையும் தோற்றால் பட்டறையை மூடிவிடுவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். தேறினால் ஒரு பள்ளி விடுதிக்குச் சுவர் போடும் வேலை காத்திருந்தது.

“ஏங்க, நகம் தீந்துபோச்சு. விரலையாவது மிச்சம் வைங்க.”

“நீ வேற. மணி என்னாச்சுன்னு பாரு.”

கருவிகளின் முன்னால் இருந்த மூத்த ஆய்வாளர் திரும்பாமலே சொன்னார்: “பஞ்சு, இன்னும் கொஞ்ச நேரந்தான். கண்ண எடுக்காத.”

அந்த அம்மா கணவரைச் சீண்டிக்கொண்டேயிருந்தார். திடீரென்று பேச்சு நின்றது. அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். மேல் மூலையில், இரண்டு பலகைகள் சேரும் இடத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. அதன் பின்னால் சிவப்பு. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் போயாக வேண்டும். கம்பியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றேன்.

“மேல பாரும்மா. அந்த மூலைல.”

கணவர் பதறிப்போனார். “உனக்கென்ன பைத்தியமா? அவங்களே பாக்கட்டும்.”

“பிள்ளைங்க படுக்கப்போற இடங்க அது.”

கணவர் மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்து, நான் விரித்த மடக்கு ஏணியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஆய்வாளர் அவரைத் தடுக்கவில்லை.

ஏறினேன். முகத்தில் அனல் அடித்தது. பஞ்சை விரிசலின் எதிரே பிடித்தேன். பின்னால் ஆய்வாளர் எண்ண ஆரம்பித்தார். வெள்ளைப் பஞ்சின் ஓரத்தில் ஓர் இழை மட்டும் மெல்லப் பழுப்பேறிச் சுருண்டது; எண்ணிக்கை இன்னும் முப்பதைத் தொடவில்லை.